தேனைக் கிராமில் அளந்தும் பலகாரம் சரியாக வரவில்லையா?

சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ‘1 லிட்டர்’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘910 கிராம்’ என்றும் அச்சிட்டிருப்பார்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பது அதிலேயே தெரிந்துவிடும். தேன் பாட்டிலில் பெரும்பாலும் எடை மட்டும்தான் இருக்கும். அரைக் கிலோ தேன் என்பது சுமார் 350 மி.லி.தான் வரும் என்று யாரும் சொல்வதில்லை. கோல்டன் சிரப் (சீனியில் செய்யும் பொன்னிறப் பாகு), மொலாசஸ் (சீனி ஆலையில் மிஞ்சும் கருநிறப் பாகு) எல்லாம் ஏறக்குறைய இதே கனம்தான். கப்பிலும் ஸ்பூனிலும் எழுதிய குறிப்பைத் தராசுக்கு மாற்றும்போது வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது. பால், மோர், தண்ணீர் வரைக்கும் ‘மி.லி.யும் கிராமும் ஒன்றுதான்’ என்ற கணக்கு ஓடும். இனிப்புத் திரவத்தில் ஓடாது.

உங்களுக்கு எந்தக் கேடு வந்ததோ அந்தத் தலைப்பை மட்டும் படித்தால் போதும். அதற்கு முன் இந்த எண்களை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்துவிடுங்கள். டீஸ்பூன் 5 மி.லி., டேபிள் ஸ்பூன் 15 மி.லி., கப் 240 மி.லி. என்று வைத்துக்கொண்ட கணக்கு இது.

தேன்: டீஸ்பூன் 7 கிராம், டேபிள் ஸ்பூன் 21, கப் 340.
கோல்டன் சிரப், மொலாசஸ்: தேனுக்குச் சொன்னதே. வித்தியாசம் வந்தாலும் ஒரு கப்புக்கு நாலைந்து கிராம்தான்.
மேப்பிள் சிரப்: டேபிள் ஸ்பூன் 20, கப் சுமார் 315.
கன்டென்ஸ்டு மில்க்: டேபிள் ஸ்பூன் 19, கப் சுமார் 306.
சீனியும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாகு: டேபிள் ஸ்பூன் 18, கப் சுமார் 295.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாது என்றால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கெட்டியாக நூல் போல இறங்குவதற்கு மி.லி.யை 1.4-ஆல் பெருக்கவும், ஓடி இறங்குவதற்கு 1.3-ஆல் பெருக்கவும். வீட்டுச் சமையலுக்கு இந்தத் துல்லியம் தாராளம்.

“குறிப்பில் சொன்ன அளவுதான் போட்டேன். இனிப்பும் இல்லை, கேக்கும் வறண்டு போச்சு”

குறிப்பில் 120 மி.லி. தேன் என்று இருந்திருக்கும். நீங்கள் தராசில் 120 கிராம் நிறுத்துப் போட்டிருப்பீர்கள். கிண்ணத்தில் விழுந்தது 85 மி.லி. தேன்தான். போக வேண்டியது 170 கிராம். இனிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேயே காணாமல் போய்விட்டது.

வறட்சிக்கும் இதுதான் காரணம். தேன் வெறும் இனிப்பு இல்லை, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற பொருள். அது குறைந்தால் கேக் மறுநாளே உதிர ஆரம்பிக்கும்.

சரிபார்ப்பது சுலபம். குறிப்பில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது என்று பாருங்கள். மி.லி., கப், ஸ்பூன் என்று இருந்தால் பெருக்கத்தான் வேண்டும். கிராம் என்று இருந்தால் அப்படியே நிறுக்கலாம். ஏற்கெனவே சுட்டு முடித்துவிட்டீர்கள் என்றால், விட்டுப்போன தேனில் பாதியை அதே அளவு வெந்நீரில் கலக்கி, சூடான கேக்கில் பல்குச்சியால் குத்தி மேலே தடவிவிடுங்கள். முழுக்கச் சரியாகாது, சாப்பிடும்படி ஆகும்.

“ஓரம் கருகுது, நடுவுல வேகவே இல்லை”

இது நேர் எதிர்த் திசையில் போன தவறு. இரண்டு வழியில் வரும்.

முதல் வழி: குறிப்பில் 200 கிராம் தேன் என்று இருக்க, அளவு ஜாடியில் 200 கோடு வரைக்கும் ஊற்றுவது. அது 284 கிராம். தேனில் இருக்கும் பழச்சர்க்கரை சாதாரணச் சீனியைவிடச் சீக்கிரம் சிவக்கும். அதனால் உள்ளே வேகும் முன் வெளியே நிறம் ஏறிவிடுகிறது.

இரண்டாவது வழிதான் அதிகம் நடப்பது. ‘சீனிக்குப் பதில் தேன், ஆரோக்கியம்’ என்று சொல்லி ஒரு கப் சீனிக்கு ஒரு கப் தேன் ஊற்றுவது. ஒரு கப் சீனி 200 கிராம். ஒரு கப் தேன் 340 கிராம். தேனில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது. அதைக் கழித்தாலும் சர்க்கரை மட்டும் 270 கிராமுக்கு மேல் வந்துவிடும். கூடவே 60 கிராம் போலத் தண்ணீரும் மாவுக்குள் போகும். (ஆரோக்கியம் எங்கே வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ருசிக்காகத் தேன் போடுங்கள், அது நியாயம்.)

மாற்றத்தான் வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். 200 கிராம் சீனிக்கு 255 கிராம் தேன், அதாவது முக்கால் கப். குறிப்பில் உள்ள பால் அல்லது தண்ணீரில் மூன்று டேபிள் ஸ்பூனைக் குறைத்துவிடவும். தேனுக்குப் புளிப்புத்தன்மை உண்டு என்பதால் கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா சேர்க்கவும். குறிப்பிலேயே சோடா இருந்தால் வேண்டாம். ஓவன் சூட்டை 15 டிகிரி செல்சியஸ் குறைக்கவும். வெண்ணெயையும் சீனியையும் நுரைக்க அடித்துச் செய்கிற கேக்குக்கு மட்டும் இந்த மாற்றம் ஒத்துவராது. சீனிப் பரல்கள்தான் அந்த வெண்ணெய்க்குள் காற்றை ஏற்றுகின்றன. தேனால் அது முடியாது.

“தராசிலேயே மி.லி. பொத்தான் இருக்கே, அதை வைத்தும் தப்பா வருது”

டிஜிட்டல் தராசுக்குக் கனஅளவு தெரியாது. அதற்குத் தெரிந்தது எடை மட்டும்தான். மி.லி. என்று மாற்றினால், மேலே இருப்பது தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு அந்த எடையையே மி.லி. என்று காட்டும். சில தராசுகளில் பாலுக்குத் தனியாக ஒரு படம் இருக்கும், அது பாலின் கனத்துக்குக் கொஞ்சம் திருத்திக் காட்டும். தேனுக்கென்று நான் எதிலும் பார்த்ததில்லை.

ஆகவே தராசு ‘100 மி.லி.’ என்று காட்டும்போது கிண்ணத்தில் இருப்பது 100 கிராம் தேன், அதாவது 70 மி.லி. இதற்குத் திருத்தம் என்று ஒன்றும் கிடையாது. தராசைக் கிராமில் வைத்துவிட்டு அந்தப் பொத்தானை மறந்துவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது காபிக்கோ பாலுக்கோ மாற்றி வைத்திருக்கலாம், ஊற்றும் முன் திரையில் ‘கி’யா ‘மி.லி.’யா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

“அதே குறிப்பு, அதே ஸ்பூன். ஒருநாள் சரி, ஒருநாள் குறைவு”

தேன் ஸ்பூனிலேயே ஒட்டிக்கொள்கிறது. மார்கழிக் குளிரில் இன்னும் மோசம். டீஸ்பூனைக் கவிழ்த்துவிட்டு உள்பக்கம் பாருங்கள், ஒரு படலம் பளபளவென்று நிற்கும். அதை விரலால் வழித்த நாளும் வழிக்காத நாளும் ஒன்றாக இருக்காது. ஸ்பூன் சின்னதாக ஆக ஆக, ஒட்டி நிற்பதன் பங்கு பெரிதாகிக்கொண்டே போகும்.

ஸ்பூனில் எண்ணெய் தடவிக்கொள்வது பழைய வழி. அதே குறிப்பில் எண்ணெயும் இருந்தால், எண்ணெயை முதலில் அளந்துவிட்டு அதே ஸ்பூனில் தேனை அளங்கள், வழுக்கிக்கொண்டு விழும்.

தராசு இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. கிண்ணத்தை விட்டுவிட்டு, தேன் பாட்டிலையே தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்குங்கள். பாட்டிலை எடுத்துத் தேவையான அளவு மாவில் ஊற்றிவிட்டுத் திரும்பத் தராசில் வையுங்கள். திரையில் ‘-42’ என்று காட்டினால் 42 கிராம் தேன் மாவுக்குப் போயிருக்கிறது, அதாவது இரண்டு டேபிள் ஸ்பூன். பாட்டில் வாயில் தொங்குகிற சொட்டும் கணக்கில் வந்துவிடும். ஸ்பூன் கழுவும் வேலையும் இல்லை. கெட்டியான எதற்கும், முக்கியமாக லிக்விட் குளுக்கோஸுக்கு, எனக்கு இதைத் தவிர வேறு வழி பிடிப்பதில்லை.

“அமெரிக்கக் குறிப்பு சரியா வருது, ஆஸ்திரேலியக் குறிப்பு சொதப்புது”

ஸ்பூன் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் டேபிள் ஸ்பூன் 15 மி.லி. ஆஸ்திரேலியாவில் 20 மி.லி. நியூசிலாந்தில் மறுபடி 15. ஓட்ஸும் தேங்காயும் போட்டுச் செய்கிற ஆன்சாக் பிஸ்கட்டை இரண்டு நாட்டுக்காரர்களும் தங்களுடையது என்பார்கள். அதில் இரண்டு டேபிள் ஸ்பூன் கோல்டன் சிரப் என்று எழுதியிருந்தால், ஆஸ்திரேலியக் கணக்கில் 56 கிராம், நியூசிலாந்துக் கணக்கில் 42 கிராம். மாவு சேர்ந்து பிடிப்பதே அந்தச் சிரப்பாலும் வெண்ணெயாலும்தான் என்பதால், 14 கிராம் குறைந்தால் உருண்டை பிடிக்கும்போதே உதிரும்.

கப்பும் அப்படியே. அமெரிக்கக் கப் 237 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250, பழைய பிரிட்டிஷ் கப் 284, ஜப்பானில் 200. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கப்புகளில் 240-ம் உண்டு, 250-ம் உண்டு. அடியில் என்ன அச்சிட்டிருந்தாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் உங்கள் கப்பின் மி.லி. தண்ணீருக்கு மட்டும் கிராமும் மி.லி.யும் ஒன்றாக இருப்பது இங்கே நமக்கு உதவுகிறது.

அதே கப்பை நன்றாகத் துடைத்து உலர்த்தி, உங்களிடம் உள்ள சிரப்பை அதே விளிம்பு வரை ஊற்றி நிறுங்கள். தண்ணீர் 238, சிரப் 314 என்று வந்தால், 314-ஐ 238-ஆல் வகுத்தால் 1.32. அந்தச் சிரப்புக்கு இனி அதுதான் எண். பனம்பாணி (பனைப் பாகு), கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு), வீட்டில் காய்ச்சிய நன்னாரி சிரப் இவற்றுக்கெல்லாம் இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பாட்டிலின் பாணி கெட்டியாக இருக்கும், அடுத்தது நீர்க்க இருக்கும். இவற்றுக்கு யாராவது பட்டியல் போட்டுக் கொடுத்தால் நம்பாதீர்கள். முழுக் கப் வீணாகுமே என்றால், இருமல் மருந்தோடு வரும் சின்ன அளவு மூடி போதும். ஆனால் அளவு சிறிதாகும்போது தராசின் ஒரு கிராம் பிசகு பெரிதாகத் தெரியும்.

“8 அவுன்ஸ் தேன்னு போட்டிருக்கு. 227 கிராமா, 340 கிராமா?”

இரண்டும் சரியாக இருக்கக்கூடும் என்பதுதான் கொடுமை. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் என்பது கனஅளவு, அமெரிக்கக் கணக்கில் 29.6 மி.லி. தண்ணீரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும் என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை. தேனில் 8 எடை அவுன்ஸ் 227 கிராம், 8 திரவ அவுன்ஸ் ஒரு கப், அதாவது ஏறக்குறைய 340 கிராம். ஒன்றரை மடங்கு.

குறிப்பில் அவுன்ஸுக்கு முன் ‘திரவ’ என்றோ ‘எஃப்.எல்.’ என்றோ இருந்தால் கனஅளவு. ஒன்றும் இல்லாவிட்டால் மற்ற பொருள்களைப் பாருங்கள். மாவும் வெண்ணெயும் அவுன்ஸில் இருந்தால் எல்லாம் எடைதான். மாவு கப்பில் இருந்து தேன் மட்டும் அவுன்ஸில் இருந்தால், பெரும்பாலும் ஒரு பாட்டிலின் அளவைச் சொல்கிறார்கள், பாட்டிலில் அச்சிடுவது எடை. கன்டென்ஸ்டு மில்க்குக்கு ‘14 அவுன்ஸ் டின்’ என்பதும் எடைதான், 397 கிராம். அது ஒன்றே கால் கப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். நம் ஊர் டின்னில் எத்தனை கிராம் என்று பார்த்துக் குறைவதை அடுத்த டின்னிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 400 கிராம் டின்னை 400 மி.லி. என்று எண்ணினால் அங்கே மறுபடியும் முதல் தவறுக்கே வந்துவிடுவீர்கள்.

“ஒரு கப் வெல்லப்பாகுன்னு போட்டா, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி”

இதுதான் இருப்பதிலேயே சிக்கலானது, குறிப்பு எழுதுகிறவர்களே சரியாகச் சொல்லாததும் இதைத்தான். தேன் பாட்டிலுக்குப் பாட்டில் பெரிதாக மாறாது. பாகு அடுப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் மாறுகிறது. தண்ணீர் போகப் போக இனிப்பின் பங்கு ஏறுகிறது, கனமும் ஏறுகிறது.

எவ்வளவு மாறும் என்று பாருங்கள். பாதிக்குப் பாதி இனிப்பும் தண்ணீருமாக, கொதிக்க ஆரம்பித்த நிலையில் இறக்கிய பாகு ஒரு கப் சுமார் 295 கிராம். அதில் இனிப்பு 148 கிராம். கம்பிப் பதம் தாண்டி நூற்றுக்கு எண்பது பங்கு இனிப்பு வரைக்கும் காய்ச்சிய பாகு ஒரு கப் சுமார் 338 கிராம். அதில் இனிப்பு 270 கிராம். இரண்டும் ‘ஒரு கப் பாகு’தான். எடை கொஞ்சம்தான் கூடியது, இனிப்போ ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே இங்கே கப்பைக் கிராமாக்கினால்கூடப் பிரச்சினை தீராது.

தீர்வு, பாகை அளக்காமல் வெல்லத்தை அளப்பது. காய்ச்சும் பாத்திரத்தைக் காலியாக நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் 620 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 500 கிராம் வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அதே பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுங்கள். மூன்றில் இரண்டு பங்கு வெல்லம் உள்ள பாகு வேண்டுமென்றால் பாகு 750 கிராமில் நிற்க வேண்டும். அதாவது பாத்திரத்தோடு 1,370. அடுப்பை அணைத்து, தராசின் மேல் ஒரு மரப் பலகையை வைத்துப் பூஜ்யமாக்கி, அதன்மேல் பாத்திரத்தை வைத்துப் பாருங்கள். கண்ணாடித் தராசில் சூடான அடிப்பாகத்தை நேராக வைக்காதீர்கள். எடை கூடுதலாக இருந்தால் இன்னும் கொதிக்கட்டும், குறைந்துவிட்டால் வித்தியாசத்தை வெந்நீராக ஊற்றுங்கள். ஆரம்பத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள் என்பது இதில் பொருட்டே இல்லை. கடைசி எடைதான் கணக்கு.

இப்படிக் காய்ச்சிய பாகில் ஒவ்வொரு 150 கிராமிலும் 100 கிராம் வெல்லம். கேக், பாயசம், கிரானோலா எதற்கும் பிறகு கிராமிலேயே போகலாம். நுரையோடு இருக்கும்போது கப்பில் ஊற்றி அளந்தால் நுரையும் சேர்ந்து அளவு ஏமாற்றும். தராசுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

அதிரசத்துக்கும் மனோகரத்துக்கும் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அங்கே நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு தண்ணீர் கூடினாலே அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும், மனோகரத்தில் பாகு இறுகிப் பிடிக்காது. வீட்டுத் தராசும் சூடான பாத்திரமும் அந்த நுணுக்கத்துக்குப் போதாது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பதுதான் சரி.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம்: “ஒரு கப் சீனி, ஒரு கப் தண்ணீர், இரண்டு கப் பாகு வரலையே, ஆவியாயிடுச்சா?” ஆவியாகவில்லை. கரைந்த சீனி அதன் பரல்களுக்கிடையே இருந்த காற்றை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடுகிறது. 200 கிராம் சீனியும் 240 கிராம் தண்ணீரும் சேர்ந்து 440 கிராம்தான், அதில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் கனஅளவு ஒன்றரைக் கப்பைச் சற்றே தாண்டும். குலாப் ஜாமூனுக்குப் பாகு போதவில்லை என்று கடைசி நேரத்தில் தவிப்பவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

“சொட்டுச் சொட்டா ஊத்துறேன், தராசு ஏறவே மாட்டேங்குது”

பல தராசுகள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் மிகச் சிறிய மாற்றத்தைத் தாங்களாகவே பூஜ்யமாகத் திருத்திக்கொள்ளும். காற்று, ஈரம் இவற்றால் எண் அலையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. பூஜ்யமாக்கிய கிண்ணத்தில் தேன் நூலாக, மெதுவாக இறங்கும்போது முதல் சில கிராம்களைத் தராசு விழுங்கிவிடும். திரை 0 காட்டும், நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள், தேன் கூடிவிடும்.

கிண்ணத்தைப் பூஜ்யமாக்காமல் நிறுங்கள். கிண்ணம் 312 என்று காட்டினால் 333 வந்ததும் நிறுத்துங்கள், 21 கிராம் ஆயிற்று. இல்லாவிட்டால் மேலே சொன்ன பாட்டில் முறை. அதில் பாட்டிலை மொத்தமாக எடுத்து வைப்பதால் தராசுக்குக் குழப்பம் வராது.

“தேன் உறைஞ்சு மணல் மாதிரி ஆயிடுச்சு, அளவு மாறுமா?”

எடை மாறாது. கப்பிலும் ஸ்பூனிலும்தான் மாறும், கட்டிகளுக்கிடையே இடைவெளி விழும் என்பதால். தராசில் அளப்பதாக இருந்தால் உருக்க வேண்டிய அவசியமே இல்லை, சுரண்டி எடுத்து நிறுத்து, குறிப்பில் உள்ள சூடான பாலிலோ வெண்ணெயிலோ போட்டால் கரைந்துவிடும். ஸ்பூனில்தான் அளப்பேன் என்றால் மட்டும் பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் நிற்க வைத்து இளக்கிக்கொள்ளுங்கள்.

“கால் டீஸ்பூன் தேனுக்குத் தராசு 1 காட்டுது, சில நேரம் 2 காட்டுது”

கால் டீஸ்பூன் தேன் 1.8 கிராம். ஒரு கிராம் ஒரு கிராமாக ஏறும் தராசில் அது எப்படி வேண்டுமானாலும் காட்டும். ஒரு டீஸ்பூனுக்குக் கீழே போகிற எதற்கும் ஸ்பூனையே எடுங்கள், எண்ணெய் தடவி.